இரண்டு விரல் மெட்டு

பண்டுங்
22 ஜனவரி 1995

அன்புள்ள மெய்தி அக்காவுக்கு,

நானும் வீட்டுக்காரி லிலிஸும் இங்கே சுகம். தொமோஹோனில் நீ, வெம்பி அத்தான், உன் பூச்செடிகள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய புகைமீன் வந்து சேர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் பக்கத்து வீட்டுக்காரர், "என்னங்க, அடுப்புல ஏதாச்சும் தீயுதா?" என்று ஓடி வந்தார். அவர் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்து வாயை அடைத்தேன்.

செய்தி உன் காதுக்கு வந்திருக்கும். உண்மைதான், கெரிமிஸ் சோரே இசைக்குழுவிலிருந்து விலகிவிட்டேன். எனக்கும் பாடகன் ஹிக்மத்துக்கும் கைகலப்பு என்றும், நான் நாற்காலியை எடுத்து அவன்மேல் வீசினேன் என்றும் ஒரு பத்திரிகை எழுதியிருக்கிறது. நம்பாதே. எங்கள் ஒத்திகை அறையில் நாற்காலியே கிடையாது, பாய்தான். பாயை வீசி யாரைக் காயப்படுத்துவது?

இனிமேல் தனி ஆவர்த்தனம். என் பெயரில் ஒரு கேசட் வரப்போகிறது. கிட்டாரும் நானே, பாட்டும் நானே. சிரிக்காதே. பதினாலு வருஷம் ஹிக்மத்தின் குரலுக்குப் பின்னால் நின்றேன். 'மழைத்துறை' பாட்டில் நடுவே வரும் என் கிட்டார் வாசிப்பை நாடே முணுமுணுக்கிறது. அந்தக் கைக்காரன் தனியாக நின்றால் கூட்டம் வராதா? வரும்.

கவலைப்பட ஒன்றுமில்லை. அத்தானிடம் சொல், அடுத்த பொட்டலத்தில் மிளகாய் கூடவே இருக்கட்டும்.

உன் தம்பி,
நோல்டி


தொமோஹோன்
16 பிப்ரவரி 1995

அன்புத் தம்பி நோல்டிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உன் அத்தானுக்கு மட்டும் முதுகுப் பிடிப்பு. பூத்தொட்டியைத் தூக்காமலே அவருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது, அதுதான் ஆச்சரியம்.

நீ பாடப்போகிறாய் என்றதும் அவர் கேட்டார்: "ஏன் மெய்தி, ஹிக்மத் மேல உள்ள கோபத்தை ஜனங்க மேல ஏன் காட்டுறான்?" நான் உன் பக்கம்தான் பேசினேன். கல்யாண வீடுகளில் நாம் இருவரும் ஆளுக்கொரு கிட்டாருடன் வாசித்த காலத்தில் நீ பாடியிருக்கிறாய், யாரும் எழுந்து போகவில்லை என்றேன். "சாப்பாடு போடுறதுக்கு முன்னாடி பாடியிருப்பான்" என்கிறார்.

சந்தையில் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். உனக்குத் தலைக்கனம் என்று பாதிப் பேர். ஹிக்மத் உன்னைத் துரத்திவிட்டான் என்று மீதிப் பேர். வாழைப்பூ விற்கும் பெண் இனி அவன் பாட்டையே கேட்க மாட்டாளாம். நான் என்ன சொல்வது? உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சண்டை இல்லை என்கிறாய். தனியாக வாசிக்கப்போகிறாய் என்கிறாய். ஏன் விலகினாய் என்று மட்டும் எழுதவில்லை.

லிலிஸைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மெய்தி


பண்டுங்
9 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாங்கள் சுகமே. நோன்பு மாதம் முடியும்வரை இங்கே கச்சேரி கிடையாது. பெருநாள் முடிந்ததும் தாகோ சாலையில் ஒரு காப்பிக் கடையில் என் முதல் தனிக் கச்சேரி நடந்தது.

கூட்டம் அவ்வளவு இல்லை. உட்கார்ந்தவர்களில் சிலர் மழைக்கு ஒதுங்கியவர்கள். முதல் மெட்டு முடிவதற்குள் ஒருவன், "அண்ணே, மழைத்துறை! அந்த நடுவுல வர்றது!" என்று கத்தினான். "அது இன்னைக்கு லீவு" என்றேன். சிரித்தார்கள். பிறகு அமைதியாகக் கேட்டார்கள். மழை நின்ற பின்னும் யாரும் எழுந்து போகவில்லை. அரங்கம் நிறைந்த கைதட்டலைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பொய்யில்லை.

ஜகார்த்தாவில் கேசட் கம்பெனிக்காரர் ஒருவருக்கு நான்கு மெட்டுகளைப் போட்டுக் காட்டினேன். அவர் மேசையில் தாளம் போட முயன்றார், தாளம் கிடைக்கவில்லை. "நோல்டி அண்ணே, உங்க வேகம் எங்க போச்சு?" என்றார். "வேகமா வாசிக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. அவங்களைக் கூப்பிட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். திரும்பக் கூப்பிடுவார், பார்.

அந்த நான்கையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது. சும்மா பாராட்ட வேண்டாம்.

உன் தம்பி,
நோல்டி


தொமோஹோன்
3 மே 1995

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். லோக்கோன் எரிமலை ஒரு வாரமாகப் புகைகிறது. சாமந்தி இலைகளில் சாம்பல் படிந்து, காலையும் மாலையும் கழுவிக்கொண்டிருக்கிறோம்.

கழுவும்போதெல்லாம் உன் கேசட்தான் ஓடுகிறது. பாட்டு வரும் இடங்களில் உன் குரல் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. அத்தான்கூட, "பேசுற மாதிரி பாடுறான், பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

ஒன்று கேட்கிறேன். மூன்றாவது மெட்டில் கை மேலே ஏறி உச்சிக் கம்பியைத் தொட வேண்டிய இடத்தில் நீ தொடவில்லை. கீழிருந்தே வழுக்கிக்கொண்டு போகிறாய். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த நோல்டி அந்த இடத்தை விட்டுவைக்க மாட்டான். மற்ற மூன்றிலும் அப்படியே. வேண்டுமென்றுதான் செய்தாயா?

பதில் எழுது.

அக்கா மெய்தி


தொமோஹோன்
5 ஜூலை 1995

அன்புள்ள லிலிஸுக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமா? எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை.

மே மாதம் நோல்டிக்கு எழுதினேன். இதுவரை பதில் இல்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தேன், அதற்காகவே எழுதவில்லை என்று நினைக்கிறேன். உன்னிடமே நேராகக் கேட்கிறேன். அவன் கைக்கு என்ன ஆயிற்று?

அன்புடன்,
மெய்தி


பண்டுங்
17 ஜூலை 1995

மதிப்புக்குரிய மெய்தி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அன்புக்கும் விசாரிப்புக்கும் நன்றி. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், எடையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. காலையில் எழுந்ததும் கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கம்பிகளை முறுக்குவதும் தளர்த்துவதும் மறுபடி முறுக்குவதுமாகப் பொழுது போகிறது. புதிய மெட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. கம்பெனிக்காரர் மறுபடி கூப்பிட்டார். போன வாரம்தான் ஒலிப்பதிவு தொடங்கியது.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியாது அக்கா. வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் கேட்டதுபோலவே அவரிடமும் நேராகக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் சொல்வார் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் குறையும்.

வணக்கத்துடன்,
லிலிஸ்


தொமோஹோன்
12 ஆகஸ்ட் 1995

தம்பி நோல்டிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

லிலிஸ் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அவளைத் திட்டாதே. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் கிட்டாரைக் கேட்டு வாங்கி வந்தேன். பூங்கொத்துக் கட்டும் நாரால் என் இடது கை மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மீதி இரண்டு விரலையும் கட்டை விரலையும் வைத்துக்கொண்டு உன் நான்கு மெட்டுகளையும் வாசித்துப் பார்த்தேன். சுருதியை எங்கே மாற்றினாய் என்று கண்டுபிடிக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நான்கும் தண்ணீர் மாதிரி வந்தன. நாரை அவிழ்த்துவிட்டு வாசித்தால் அவ்வளவு சரியாக வரவில்லை. இருக்கிற விரல்களுக்காகவே நீ மெட்டுப் போட்டிருக்கிறாய்.

அத்தான் வந்து பார்த்துவிட்டு, "கையில என்ன, வெட்டிக்கிட்டியா?" என்றார். "நோல்டிக்கு ரெண்டு விரல் வேலை செய்யல" என்றேன். அவர் கேலி பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உனக்காக நான் அழுதுவிட்டேன். அது முடிந்தது. இப்போது கோபம். ஊர் உன்னைத் தலைக்கனக்காரன் என்கிறது, சரி, அது உன் பாடு. ஹிக்மத்தை ஏன் பழி சுமக்க விட்டாய்?

மெட்டுகளைப் பற்றிக் கேட்டாய், சொல்கிறேன். முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும் அருமை. உன் பழைய வாசிப்பில் காது கேட்பதற்குள் அடுத்தது வந்துவிடும். இதில் ஒவ்வொரு சுரத்துக்கும் உட்கார இடம் இருக்கிறது. இரண்டாவதைத் தூக்கி எறி. அதில் பத்து விரல் உள்ளவன் மாதிரி நடிக்கிறாய்.

அக்கா மெய்தி


பண்டுங்
10 செப்டம்பர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிலிஸிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

சரி, சொல்கிறேன். போன வருஷம் மலாங்கில், பந்து மைதானத்தில் கச்சேரி. மழைத்துறையின் நடுவே என் இடம் வந்தது. அந்த இரண்டு விரல்களும் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. வலி இல்லை. கம்பிமேல் தட்டுத்தடுமாறி எதையோ வாசித்து முடித்தேன். கூட்டத்தின் கூச்சலில் யாருக்கும் தெரியவில்லை. சட்டைப் பொத்தான் போடுகிறேன், லிலிஸுக்குத் தேங்காய் துருவித் தருகிறேன், கை ஒழுங்காக இருக்கிறது. கிட்டாரின் கழுத்தைத் தொட்டால் மட்டும் இரண்டும் சுருண்டுவிடும். மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். ஒரே வேலையைப் பல்லாயிரம் முறை செய்த கைக்கு இப்படி வருமாம். திரும்பச் சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை.

யாராவது கண்டுபிடிப்பதற்கு முன்னால் விலகிவிட்டேன். 'பாவம் நோல்டி' என்பதைவிடத் 'திமிர் பிடித்த நோல்டி' என்பது காதுக்கு நன்றாக இருந்தது. அவ்வளவுதான். ஹிக்மத் விஷயத்தில் நீ சொல்வது சரி.

இரண்டாவது மெட்டை எறிந்துவிட்டேன். கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது.

இப்போது வேறொன்று. குழு தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட, நவம்பரில் ஜகார்த்தாவில் ஒரே ஒரு கச்சேரி. என்னையும் சேர்த்துத்தான் வேண்டுமாம். ஹிக்மத்தே கேட்டு அனுப்பியிருக்கிறான். கை தினமும் ஒத்துழைக்காது என்று மட்டும் ஏற்பாட்டாளரிடம் சொன்னேன். அந்த மனிதர் அசரவில்லை. "அதுக்கென்ன அண்ணே, திரைக்குப் பின்னாடி ஒருத்தரை வாசிக்க வைப்போம். நீங்க முன்னாடி நின்னு கையை மட்டும் ஆட்டுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். தனிக் கேசட் டிசம்பரில் வருகிறது. அந்தக் கச்சேரியில் நின்றால் கேசட்டும் பேசப்படும். நிற்காவிட்டால் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும்.

உன் தம்பி,
நோல்டி


தொமோஹோன்
25 செப்டம்பர் 1995

அன்புத் தம்பிக்கு,

சுகம். சாம்பல் நின்றுவிட்டது, சாமந்தி தப்பித்தது.

நீ கையை மட்டும் ஆட்டப்போவதானால் அதற்கு என்னைக் கேட்கத் தேவையில்லை. போ, மேடையில் நில். ஆனால் உன் கையோடு நில். முதலில் ஹிக்மத் வீட்டுக்குப் போய், அவன் முகத்தைப் பார்த்துச் சொல். தொலைபேசியில் வேண்டாம்.

"அவனை ரெண்டு விரல்லயே வாசிக்கச் சொல்லு, நான் ஒரு விரல்ல விசிலடிக்கிறேன்" என்கிறார் அத்தான். பழைய ஆள் திரும்பிவிட்டார்.

மெய்தி


பண்டுங்
26 நவம்பர் 1995

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் மிக நலம். லிலிஸுக்குத் தொண்டை மட்டும் கட்டிவிட்டது. ஏன் என்று கடைசியில் தெரியும்.

ஹிக்மத் வீட்டுக்குப் போனேன். கூண்டுக்குருவிக்கு வெட்டுக்கிளி ஊட்டிக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னடா, நாற்காலி எறிய வந்தியா?" என்றான். நான் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, மழைத்துறையை ஆரம்பித்தேன். விரல்கள் சுருண்டன. அவன் வெட்டுக்கிளியைக் கையில் பிடித்தபடியே பார்த்தான்.

"எப்பலேர்ந்து?"

"மலாங்லேர்ந்து."

"பத்து மாசமா ஊரே என்னைத் திட்டுதுடா. மீன் வாங்கப் போனாகூட, 'நோல்டியை ஏன்யா துரத்துன?'ங்கிறாங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ அழுவே."

"அழுவேன்தான். அழுதுட்டு அடுத்த வேலையைப் பாப்பேன். அதுக்காக இப்படியா பண்ணுவ?"

சொன்னபடியே அழுதான். பிறகு அவன் மனைவி சோறு போட்டாள். சாப்பிடும்போது, "திரை மறைவுக்காரனெல்லாம் வேணாம். உனக்கு என்ன வருதோ அதை வாசி. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றான். ஏற்பாட்டாளரிடமும் அவனே பேசினான். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "கச்சேரி கெட்டுப்போனா நான் பொறுப்பில்ல" என்றாராம்.

போன சனிக்கிழமை கச்சேரி. அரங்கம் நிரம்பி வழிந்தது. மழைத்துறையில் என் இடம் வந்தது. ஹிக்மத் மற்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். எல்லா வாத்தியங்களும் நின்றன. நான் ஒலிவாங்கிக்குப் போய் இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க, நான் குழுவை விட்டு விலகுனதுக்கு ஹிக்மத் காரணமில்ல. இந்த ரெண்டு பேர்தான். எனக்கு முன்னாடியே விலகிட்டாங்க."

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு எங்கேயோ ஒரு சிரிப்பு, அப்புறம் அரங்கமே.

"நான் அடியில தாளத்தோட கம்பியைத் தட்டிக்கிட்டிருக்கேன். அந்த மெட்டு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். நீங்க பாடுங்க."

தட்ட ஆரம்பித்தேன். ஒரு சுற்று வீணாகப் போனது. நான் தட்டுவதை நிறுத்தவில்லை அக்கா. அப்புறம் மேல் வரிசையில் ஒரு பெண் குரல் எடுத்தது. உடனே பக்கத்து வரிசை, பிறகு கீழே, பிறகு எல்லாரும். வார்த்தையே இல்லாத என் கிட்டார் மெட்டை வாயால் பாடினார்கள். ஒரு சுரம்கூட விடவில்லை. ஒலிப்பதிவில் கடைசி வளைவில் நான் ஒரு பிழை செய்திருந்தேன், வெளியே யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். அதையும் அப்படியே பாடினார்கள். நான் அங்கேயே சிரித்துவிட்டேன். லிலிஸ் பக்கவாட்டில் நின்று பாடிப் பாடித்தான் தொண்டையைக் கெடுத்துக்கொண்டாள்.

அது முடிந்ததும் மற்றவர்கள் உள்ளே போக, நான் தனியாக உட்கார்ந்து அந்த மூன்றாவது மெட்டை வாசித்தேன். "சத்தமா வாசிங்க!" என்று ஒருவன் கத்தினான். "நீ சும்மா இருய்யா, கேக்க விடு" என்று இன்னொருவன் அதட்டினான். கடைசிவரை கேட்டார்கள்.

கேசட் அடுத்த மாதம் கடைக்கு வருகிறது. பிப்ரவரி கடைசியில் சுரபாயாவிலும் மக்கசாரிலும் கச்சேரி. உங்கள் பக்கம் மனாடோவிலும் வாசிக்க ஆசை. அங்கே ஒரு மண்டபம் பார்த்துத் தர முடியுமா?

உன் தம்பி,
நோல்டி


தொமோஹோன்
15 ஜனவரி 1996

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் நலம், நீங்களும் நலமாக வந்து சேருங்கள். உன் கேசட்டைச் சந்தையில் பழக்கடைக்காரர் போட்டிருந்தார். யார் வாசிப்பது என்று தெரியாமலே போட்டிருக்கிறார். நானும் சொல்லவில்லை. நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

மனாடோவில் மண்டபம் பிடித்தாயிற்று. மார்ச் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. கோயில்களுக்குப் பூக்கொடுக்கிற பழக்கத்தில் ஒரு பாதிரியார் சிபாரிசு செய்தார்.

சுவரொட்டி அடிப்பதில்தான் தகராறு. மண்டபக்காரர் ஒன்று எழுதி வைத்திருந்தார். மேலே 'கெரிமிஸ் சோரே' என்று யானை மாதிரி எழுத்து. அதன் கீழே 'குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர்'. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில் உன் பெயர்.

"இது யார் கச்சேரி?" என்றேன்.

"உங்க தம்பி கச்சேரிதாங்க."

"அப்ப இந்த யானை எதுக்கு?"

"அம்மா, குழுப் பேரு இல்லைன்னா யாரு வருவா? ஜனங்களுக்கு அடையாளம் தெரிய வேணாமா?"

"வருவாங்க."

"வரலைன்னா?"

"வருவாங்கன்னு சொல்றேன்ல?"

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான், "என்னைப் பாக்காதீங்க, நான் பூத்தொட்டி தூக்க வந்தவன்" என்று சொல்லிவிட்டார். நான் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தேன். இரண்டாவது வரியையும் அடித்தேன்.

அச்சாகிப் போன வாரம் வந்தது. மனாடோ துறைமுகத்திலிருந்து எங்கள் மலைப்பாதை முடிய ஒட்டிவிட்டார்கள். வெள்ளைத் தாளில் 'நோல்டி கலாங்கி, கிட்டார்' என்று மட்டும்தான் இருக்கிறது. கீழே தேதி. மீதித் தாள் வெறுமையாக இருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

முன்வரிசையில் எங்கள் இருவருக்கும் இடம் போட்டு வைத்துவிட்டேன். மற்ற இடங்கள் பாதிக்குமேல் போய்விட்டன.

உன் வரவை எதிர்பார்க்கும்,
மெய்தி